ஹாரி பாட்டர் படித்தால் பாவமா? காரைக்குடியிலிருந்து ஒரு கேள்வி

கழனிவாசல் அம்மா:
என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி நூலகத்தில் ஹாரி பாட்டர் முதல் பாகம் எடுத்து வந்தாள். ஞாயிறு பள்ளி அக்கா அதைப் பையில் பார்த்துவிட்டு, "இது சாத்தானுடைய புத்தகம், வீட்டில் வைக்காதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். போன விடுமுறையில் பிள்ளைகளுக்கு நார்னியா படம் போட்டுக் காட்டியதும் இதே அக்காதான். அதிலும் சூனியக்காரி வருகிறாள். எதை வைத்து இது ஆகும், அது ஆகாது என்கிறார்கள்? சண்டை போடாமல் சொல்லுங்கள்.

ஜெபவீரன்:
சிஸ்டர், உபாகமம் 18:10 முதல் 12 வரை வாசியுங்கள். குறிசொல்லுகிறவன், சூனியக்காரன், மந்திரவாதி யாரும் உங்களுக்குள்ளே இருக்க வேண்டாம் என்று நேராகவே சொல்லியிருக்கிறது. எபேசுவில் மாயவித்தைக்காரர்கள் மனந்திரும்பியபோது தங்கள் புத்தகங்களை எரித்தார்கள். ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு மதிப்புள்ளவை என்கிறது அப்போஸ்தலர் 19. விற்றுக் காசாக்கியிருக்கலாமே, ஏன் எரித்தார்கள்?

நார்னியா வேறு. அங்கே சூனியக்காரி எதிரி. சிங்கம் இன்னொருவனுக்காக உயிரைக் கொடுத்து எழுகிறது, அது யாரைக் குறிக்கிறது என்று பிள்ளைக்கே தெரியும். ஹாரி பாட்டரில் கதாநாயகனே மந்திரம் படிக்கிறவன். வேறு உலகத்தில்கூட இல்லை, நம் உலகத்து ரயில் நிலையத்தில் ரயில் ஏறிப் போய்ப் படிக்கிறான். பிள்ளை தன்னை யாராக நினைத்துக்கொண்டு படிக்கும்?

தேவகோட்டை வாத்தியார்:
பிரதர் நார்னியாவை முழுதாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. அந்த வரிசையில் 1952இல் வந்த பாகத்தில், லூசி என்ற நம் உலகத்துச் சிறுமி ஒரு மந்திரவாதியின் வீட்டு மாடிக்குப் போய் அவனுடைய புத்தகத்தைப் புரட்டுகிறாள். பேரழகியாகும் மந்திரத்தைச் சொல்லிவிட அவளுக்கு ஆசை, சிங்கத்தின் முகம் தெரிந்ததும் விட்டுவிடுகிறாள். ஆனால் நம்மைப் பற்றி நண்பர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும் மந்திரத்தைச் சொல்லியே விடுகிறாள். தோழி தன்னை மட்டமாகப் பேசுவதைக் கேட்டு மனசு உடைந்துபோகிறாள். சிங்கம் அதற்காகக் கண்டிக்கவும் செய்கிறது. ஒட்டுக்கேட்பதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை. எழுதியவர் பக்தியுள்ள ஆங்கிலிக்கன். மந்திரம் வருகிறது என்பதற்காக நூலை ஒதுக்கினால் இதையும் சேர்த்துத்தான் ஒதுக்க வேண்டும்.

எபேசுக்காரர்கள் எரித்தது தாங்கள் தொழிலுக்கு வைத்திருந்த ஏடுகளை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதைப்புத்தகத்தை இல்லை.

புதுவயல்காரன்:
எங்கள் அப்பத்தா வேதாளம் கதையும், ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதி கதையும் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நான் இன்றைக்கு வங்கியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முருங்கை மரம் ஏறவில்லை.

கண்டனூர் மருமகள்:
அண்ணே, சிரிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கிலாந்துக்காரப் பிள்ளைக்கு மந்திரம் என்பது கதையில் மட்டும் இருப்பது. நம் ஊரில் அப்படியா? மாடு கறக்கவில்லை என்றால் யார் என்ன வைத்தார்களோ என்கிறார்கள். வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் அதைத் தாண்டாமல் சுற்றிப் போகிறார்கள். என் மாமியார் ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ வருடம் ஆகிறது, இன்னும் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் யாரிடமாவது மந்திரித்துக் கயிறு கட்டலாமா என்று மெதுவாகக் கேட்பார். இந்த வீட்டில் வளரும் பிள்ளை "மந்திரம் பொய்" என்று எங்கிருந்து கற்கும்? அந்த பயத்திலிருந்து வெளியே வரத்தான் நாங்கள் ஆலயத்துக்கே வந்தோம். அதனால் அந்த ஞாயிறு பள்ளி அக்கா மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

தேவகோட்டை வாத்தியார்:
தங்கச்சி, இந்த இழையில் உருப்படியாகப் பேசியது நீதான். ஆனால் நீ சொன்னது என் பக்கத்துக்கும் உதவுகிறது. பிரதர் காட்டிய அதே வசனத்தில் "நாள்பார்க்கிறவன்" என்றும் இருக்கிறது. உபாகமத்துக்கு எங்கள் கத்தோலிக்க விவிலியத்தில் இணைச்சட்டம் என்று பெயர், அதிலும் அதே பட்டியல்தான். காரைக்குடி வட்டாரத்தில் எத்தனை கிறிஸ்தவ வீட்டில் ராகு காலம் பார்க்காமல் நிலைக்கால் வைக்கிறார்கள்? வாஸ்து பார்க்காமல் அடுப்படி கட்டுகிறார்கள்? பெரியவர்கள் நிஜமாகவே செய்வதை விட்டுவிட்டு ஒன்பது வயதுப் பிள்ளை பையைச் சோதிக்கிறோம்.

ஹாரி பாட்டரில் மந்திர சக்திக்காக யாரும் எந்த ஆவியையும் கூப்பிடுவதில்லை. பிறவியில் வந்த திறமை, கோலை ஆட்டினால் இறகு பறக்கிறது. குறிசொல்லும் வகுப்பு பாதிக்குமேல் கேலிதான்.

ஜெபவீரன்:
கேலியா? அந்த டீச்சர் சொன்ன ஒரு குறி பலித்துத்தானே ஏழு பாகமும் ஓடுகிறது?

நாள் பார்ப்பது தப்பு என்று எங்கள் பாஸ்டர் வாராவாரம் சொல்கிறார், அது உங்களுக்குக் கேட்கவில்லை. ஓரியூரில் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டுப்பட்ட இடத்துச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் எனக்கு மூடநம்பிக்கை வகுப்பு எடுக்க வேண்டாம். உங்கள் சபையிலேயே, பிற்பாடு போப் ஆன கர்தினால் ராட்சிங்கர், 2003இல் ஒரு ஜெர்மன் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கதைகள் பிள்ளைகளைத் தெரியாமல் இழுக்கும் நுட்பமான மயக்கங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

தேவகோட்டை வாத்தியார்:
1693இல் தலையைக் கொடுத்தவரின் மண்ணை நினைவுக்கு எடுத்துப்போவதும் மந்திரிப்பதும் ஒன்றல்ல. அதைத் தாயத்துபோல நினைக்கிறவர்களும் உண்டு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

அந்தக் கடிதம் புத்தகம் அனுப்பியவருக்கு எழுதிய நன்றிக் கடிதம், சபையின் போதனை இல்லை. அதே 2003இல் ரோமில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், வத்திக்கானின் பண்பாட்டுப் பேரவையில் பணியாற்றிய ஒரு குரு, இந்தக் கதைகள் நன்மை தீமையைப் பிள்ளைகள் பிரித்தறிய உதவுகின்றன என்றார். கடைசிப் பாகத்தில் ஹாரியின் பெற்றோர் கல்லறையில் பொறித்திருப்பது பவுலின் வரி: கடைசிப் பகைவன் மரணம். ஒன்று கொரிந்தியர் 15:26. சாத்தானின் புத்தகத்தில் அதற்கு என்ன வேலை?

கண்டனூர் மருமகள்:
கல்லறை என்றதும் ஞாபகம் வருகிறது. நான்காம் பாகத்தில் வில்லன் திரும்பி எழும் இடம் படித்திருக்கிறீர்களா அண்ணே? கல்லறைத் தோட்டத்தில் கொப்பரை. அப்பனின் எலும்பு, வேலைக்காரனின் கை, எதிரியின் ரத்தம். அதில் மட்டும் இறகு பறக்கவில்லை. இங்கே பிள்ளைகள் அரைகுறையாகக் காதில் வாங்கும் மண்டையோடு, முடி, சுடுகாட்டு மண் கதையேதான் அது. செய்கிறவன் கெட்டவன் என்று நீங்கள் சொல்வீர்கள், சரி. ராத்திரி விளக்கணைத்த பிறகு பிள்ளைக்கு அது நினைவிருக்குமா?

தேவகோட்டை வாத்தியார்:
அந்த இடத்தை ஒன்பது வயதில் தனியாகப் படிக்க நானும் கொடுக்க மாட்டேன். அதற்காக முதல் பாகத்தைப் பறிக்கவும் மாட்டேன்.

ஜெபவீரன்:
முதல் பாகம் கொடுத்தால் நான்காவது தானாக வரும். நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன். பிள்ளைக்காக ஜெபிக்கிறேன் சிஸ்டர்.

கழனிவாசல் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. முதல் பாகத்தை நானும் சேர்ந்து படிக்கிறேன், மூன்றோடு நிறுத்தி, அப்புறம் வயதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஞாயிறு பள்ளி அக்காவிடம் நானே பேசுகிறேன். அவர் புது வீட்டுக்குக் கதவு வைக்க நாள் குறித்தது யார் என்று கேட்க வாய் வரை வருகிறது. கேட்க மாட்டேன். வாத்தியார் ஐயா, லூசி வரும் அந்தப் பாகம் தேவகோட்டையில் எங்கே கிடைக்கும்?