கலைச்சொல் விவாதம்: தோட்டா மருந்தின் ‘பர்ன் ரேட்’ – எரிவேகமா, எரிவரிசையா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘பர்ன் ரேட்’டுக்கு (தோட்டாவுக்குள் மருந்து எரியும் விரைவு) ‘எரிவேகம்’ என்று போட்டிருக்கிறது. மாற்ற வேண்டுகிறேன். அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி நாய், தரை அணில் சுடும் .22 காலிபர் வார்மிண்ட் (தொல்லை விலங்கு) ரைபிளுக்குத் தோட்டாவைக் கையால் நிரப்புகிறவர்கள் மருந்து தேட முதலில் புரட்டுவது ‘பர்ன் ரேட்’ அட்டவணையைத்தான். அதில் நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற எண் எதுவும் இராது. எது முந்தி எரியும், எது பிந்தி என்ற அடுக்கு மட்டுமே இருக்கும். ‘எரிவரிசை’ என்பது என் பரிந்துரை.

*

> எண் எதுவும் இராது

அட்டவணையில் இல்லாவிட்டாலும் இயற்பியலில் உண்டே, ஐயா. புகையில்லா மருந்தை 1884இல் உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய், மூடிய கலத்துக்குள் மருந்தை எரித்து ஆராய்ந்தது அதைத்தானே? மருந்துமணியின் மேற்பரப்பு உள்நோக்கிக் கரைந்துபோகும் வேகம் அது. ‘வரிசை’ என்றால் பண்பே காணாமல் போகிறது.

*

இருவர் சொல்வதும் சரி. பேசுவது இரண்டு வேறு பொருள்களைப் பற்றி. வியேய் சொன்ன வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஏற ஏற அதுவும் ஏறும். அந்த அழுத்தத்தையோ தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கொள்ளளவு, குழலின் உள்விட்டம், குண்டின் எடை எல்லாம் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அதனால்தான் நெருங்கிய மருந்துகள் அட்டவணைக்கு அட்டவணை இடம் மாறி நிற்கின்றன.

நடைமுறையில் பாருங்கள். .222 ரெமிங்டன் என்ற தோட்டாவின் கூடு சிறியது. ஐஎம்ஆர் 4198, எச்322 (எல்லாம் வணிகப் பெயர்கள்; ‘எச்’ ஹாட்ஜ்டன் நிறுவனத்தைக் குறிக்கும்) போன்ற விரைவான மருந்துகள் அதற்குப் பொருந்தும். .223க்கு எச்335, பெஞ்ச்மார்க், எச்4895, வார்கெட். .22-250 கூடு இவற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கொள்ளும். அங்கே வார்கெட், ஐஎம்ஆர் 4064, எச்380 என்று பிந்திய பக்கம் போக வேண்டும். எச்380 பெயர் வந்த கதை தெரிந்ததுதான்: அந்த நிறுவனத்தைத் தொடங்கிய புரூஸ் ஹாட்ஜ்டன் தம் .22 ரைபிளில் 52 கிரெயின் (எடையலகு) குண்டுக்கு 38.0 கிரெயின் மருந்து வைத்து ஒரே துளையில் சுட்டதால் அந்தப் பெயர். அதை இன்றைய அளவுக்குறிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘எரிவேகம்’ என்று எழுதினால் என்ன ஆபத்து என்றால், இரண்டு மருந்துக்கு ஒரே வேகம், ஆகவே ஒரே அளவு என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார். எச்4831க்கும் ஐஎம்ஆர் 4831க்கும் எண் ஒன்றே. ஆனால் ஐஎம்ஆர் முந்தி எரியும். எச்4831க்கான அளவுப் பட்டியலின் உச்ச அளவை ஐஎம்ஆர் 4831இல் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும்.

*

ஒரு குறுக்கீடு. பட்டியலில் ‘வெடிமருந்து’ என்றே வருகிறது. இது கூட்டுக்குள் வெடிப்பதில்லை, எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. ‘உந்துமருந்து’ நல்லது. இலங்கையில் தோட்டாவை ‘ரவை’ என்கிறோம்; அதனால் பித்தளைக் கூட்டுக்கு ‘ரவைக்கூடு’ என்று யாரும் போட்டுவிடாதீர்கள், எங்களுக்கு அது மேகசின்.

*

‘உந்துமருந்து’க்கு என் ஆதரவும். சொல்லை உண்மையான கையேட்டு நடையில் உட்கார்த்திப் பார்ப்போம்:

“முதலில் குழலின் புரிமுறுக்கைப் பார்க்கவும். 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெயினுக்கு மேற்பட்ட நீண்ட குண்டு நிலைகொள்ளாது. எந்த உந்துமருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. குண்டைத் தேர்ந்தபின் எரிவரிசையில் அந்தக் கூட்டுக்கு ஏற்ற பகுதியிலிருந்து இரண்டு மூன்று மருந்துகளை எடுக்கவும். கூட்டைக் கிட்டத்தட்ட நிரப்புவதற்கு முன்னுரிமை. பாதி காலியான கூட்டில் மருந்து கிடக்கும் நிலை மாற மாறக் குண்டின் வேகமும் மாறும். உருண்டை மணி மருந்து அளவியில் சீராக விழும். குச்சி மணி மருந்து அளவியில் நறுக்குப்பட்டு முன்பின்னாக விழும், அதைத் தராசில் எடை போடவும். அளவை எரிவரிசையிலிருந்து ஊகிக்காமல் உற்பத்தியாளரின் பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவும். உச்ச அளவுக்கு 10 சதவீதம் கீழே தொடங்கி, .223 அளவுள்ள கூட்டில் 0.3 கிரெயின் படிகளாக ஏறவும். போல்ட் (தோட்டா அறையை மூடும் தண்டு) தூக்கக் கனத்தாலோ, கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் உறுப்பு) தடம் பளபளத்தாலோ, எரியூட்டி தட்டையாகி விளிம்பு மறைந்தாலோ நிறுத்தி இறங்கவும். .223 கூடு 44.70 மி.மீ. தாண்டினால் 44.45க்கு வெட்டவும், நீண்ட கழுத்து குண்டை நெரித்து அழுத்தத்தை ஏற்றும்.”

‘எரிவரிசை’ இங்கே உறுத்தவில்லை. ‘எரிவேகத்தில் ஏற்ற பகுதி’ என்று வைத்துப் படித்தால் உறுத்துகிறது.

*

பத்தி நன்று. வெப்பத்தையும் சேருங்கள். ஜூலை வெயிலில் தெற்கு டகோட்டாவில் தோட்டாப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாலோ, சுட்டுச் சூடேறிய துப்பாக்கியின் தோட்டா அறையில் தோட்டா நெடுநேரம் கிடந்தாலோ, வசந்தத்தில் பாதுகாப்பாக இருந்த உச்ச அளவு எரியூட்டியைப் பிய்த்துவிடும். எச்335 இதில் கூருணர்வு கொண்டது; வார்கெட், எச்4895, எச்322 அவ்வளவு ஆடாது. இதுவும் ‘வேகம்’ நிலையான எண் அல்ல என்பதற்குச் சான்று.

இன்னொன்று, மருந்தேற்றப் படிகளில் தெரியும் ‘நோட்’டுக்கு (அளவு சற்று மாறினாலும் சுடும் விளைவு மாறாமல் நிற்பதாகச் சொல்லப்படும் இடம்) பள்ளிப் பாடநூலின் ‘கணு’வை யாரோ முன்மொழிந்திருந்தார்கள். நான் எதிர்க்கிறேன். படிக்கு மூன்று குண்டு சுட்டுப் பார்க்கும் ‘சமதளம்’ பெரும்பாலும் தற்செயல். அதே படியைப் பத்துக் குண்டு சுட்டால் கலைந்துவிடும். இருப்பதே ஐயமான ஒன்றுக்கு இயற்பியல் சொல்லைக் கொடுத்து மதிப்பேற்ற வேண்டாம்.

*

தொகுத்த வடிவம், ‘எரிவேகம்’ என்ற ஒன்றுக்குப் பதில் இரண்டு சொற்கள்:

எரிவிரைவு: உந்துமருந்து மணி எரியும் பண்பு, அழுத்தத்தோடும் வெப்பத்தோடும் மாறுவது.
எரிவரிசை: உந்துமருந்துகளை எரிவிரைவின்படி ஒப்பிட்டு அடுக்கிய பட்டியல், அளவு கணக்கிட உதவாது.

‘கணு’ நீக்கப்பட்டது. அடுத்து ‘ஜம்ப்’: குண்டு கூட்டை விட்டுப் புரியைத் தொடும்வரை கடக்கும் இடைவெளி. பொதுவாக 0.5 மி.மீ.யில் தொடங்கிச் சோதிப்பது. குண்டின் முனையிலிருந்து அல்லாமல் தோள்வளைவிலிருந்து அளப்பது. புரியைத் தொடும்படி பொருத்தினால் அழுத்தம் ஏறும், மருந்தைக் குறைத்து மறுபடி தொடங்க வேண்டும். ‘தாவல்’ வேண்டாம், குண்டு தாவுவதில்லை. ‘புரியிடை’ என்று வைக்கலாமா?