கிட்னி மாத்தினவங்களுக்கு மலமாற்றுச் சிகிச்சை (சுகமான ஆள்ட மலத்தைக் கரைச்சு நோயாளிட குடலுக்குள்ள விடுறது): கண்டதைச் சொல்லுங்க

கல்லடி, லாப்:
ஒருவருக்குக் கிட்னி மாத்தி ஏழாம் மாதம், மூன்றாந்தரம் சலக்கிருமி. மருந்து முடிஞ்சு சலம் சுத்தமாகிட்டு. மலவாயில பஞ்சு வைச்செடுத்து கிருமி வளர்க்கிற தட்டில பூசி மறுநாள் காலமை பார்த்தா முழுத்தட்டும் ரோஸ் நிறத்தில ஈ-கோலை எண்ட குடல் கிருமி. செஃபோடாக்ஸிம் எண்ட கிருமிகொல்லி மருந்து ஊறின வில்லைக்குக் கிட்டவே முளைச்சிருக்கு. அதோட கிளாவுலானேட் சேர்த்த வில்லையைச் சுற்றித்தான் கிருமி முளைக்காத வெறும் வட்டம். ரெண்டு வட்டத்துக்கும் 5 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தாலே ஈஎஸ்பிஎல், அதாவது இப்படியான மருந்தை உடைக்கிற நொதி உள்ள கிருமி. குடல்ல குடியிருக்கிற இதுக்கு மெரோபெனெம் எண்ட பலமான கிருமிகொல்லி ஏத்தினா நல்ல கிருமியும் சேர்ந்து அழியும். அந்த ரோஸ் தட்டு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிது.

அக்கரைப்பற்று:
இதே பிரச்சினைக்கு ஒரு வீட்டில மகன்ட மலத்தை வாப்பாக்கு ஏத்த ஆயத்தமாகிட்டாங்க. குசினி மேசையில புது பிளெண்டர், சேலைன் போத்தல், எனிமா பை. மகன் வெறுங்காலோட வயல்ல நிக்கிற நல்ல திடகாத்திரமான ஆள். கிளினிக்கில கேட்டுப்போட்டு நிப்பாட்டிட்டாங்க. சொந்தப் பிள்ளைட தானே, என்ன பிழை எண்டு இன்னும் கேக்கிறாங்க.

களுவாஞ்சிக்குடி, தாதி:
சொந்தப் பிள்ளை எண்டதுதான் பயம். ஒரே குசினி, ஒரே கக்கூஸ். வாப்பாட கிருமி மகன்ட குடலிலயும் இருக்கலாம். வெறுங்காலோட வயல்ல நிக்கிறவர் எண்டா ஸ்ட்ரோங்கிலொயிடிஸ் புழுவுக்கு ரத்தம் சோதிக்காமத் தொடவே கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைச்ச உடம்பில அது பெருகி நுரையீரல் வரைக்கும் போய் ஆளையே கொல்லும். 2019இல் அமெரிக்காவில ஒரே கொடையாளிட மலக் குளிசை குடிச்ச ரெண்டு பேருக்கு ஈஎஸ்பிஎல் ஈ-கோலை ரத்தத்தில ஏறி, ஒருவர் செத்தார். அந்தக் குளிசை ஈஎஸ்பிஎல் சோதனை தொடங்குறதுக்கு முந்திச் செஞ்சது. இதுக்குப் பிறகும் பிளெண்டரா?

மட்டக்களப்பு, மருந்தாளர்:
அக்கா சொல்றது சரி, ஆனா அதோட கதவைச் சாத்தக் கூடாது. அட்லாண்டாவில எமரி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில சேர்ந்த 11 பேரும் கிட்னி மாத்தினவங்க, குடல்ல மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தவங்க. ஒரே கொடையாளிட மலம், ஒருதரம் அல்லது ரெண்டுதரம். முழுதா முடிச்ச 9 பேரில 8 பேருக்குக் கடைசித் தட்டில அந்தக் கிருமி முளைக்கல. சிலருக்கு ஈஎஸ்பிஎல் இருந்த இடத்தை மருந்துக்கு அடங்குற அதே இனக் கிருமி பிடிச்சிருக்கு. அது கொடையாளிட மலத்தில இருந்து வந்ததில்ல! ஒருவருக்கு முதல்லயே அவர்ட குடல்லயே கிடந்திருக்கு. சின்ன ஆய்வுதான், ஆனாலும் பெரிய விசயம்.

முறையாச் செய்யிற இடத்தில மலம் கிடைச்சு 6 மணித்தியாலத்துக்குள்ள வேலை முடியும். குறைஞ்சது 30 கிராம் மலம், 150 மில்லி சேலைன், வடிச்சு, 10 வீதம் கிளிசரோல் சேர்த்து சைபருக்குக் கீழ 80 பாகையில உறைய வைப்பாங்க. கிளிசரோல் இல்லாட்டி உறையும்போது கிருமி உடைஞ்சு சாகும். உருக்குறது 37 பாகைத் தண்ணியில, திரும்ப உறைய வைக்கிறேல்ல.

கேக்காமலே இதையும் சொல்றன். வயிற்றோட்டம் வந்தா, மாத்தின கிட்னியை உடம்பு தள்ளாமப் பார்க்கிற டக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில பெரும்பாலும் ஏறும், இறங்காது. அந்த மருந்தில ஒரு பங்கை உடைக்கிறதும் வெளியே தள்ளுறதும் குடல் சுவர், அது புண்ணானா மருந்து கூடுதலா உள்ள போகும். கை நடுங்கும், கிட்னி வேலையைக் காட்டுற ரத்த அளவான கிரியேட்டினின் கூடும். மருந்து வேலை செய்யல எண்டு நினைச்சு ரெண்டு குளிசை போட்டுடாதீங்க. கிளினிக்குக்குப் போன் பண்ணி அளவு பார்க்கச் சொல்லுங்க. காலமை 8 மணிக் குளிசையைக் கையில கொண்டு போய், ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்க வேணும்.