நீண்ட காணொளி வந்தால் மட்டும் பைத்தான் நிரல் உறைந்துவிடுகிறது: எங்கே தேடுவது?

கேள்வி:
வணக்கம். உபுண்டு சர்வர் ஒன்றில், காணொளிகளை எஃப்எஃப்எம்பெக் கொண்டு சிறிய அளவுக்கு மாற்றும் பைத்தான் நிரலை இரவு முழுவதும் ஓடவிடுகிறேன். சப்பிராசஸ் மாட்யூலின் பிஓப்பன் வழியாக எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கி, அதன் ஸ்டாண்டர்ட் எரரை (நிரல் தன் செய்திகளையும் பிழைகளையும் எழுதும் வழி) பைப்பில் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) வாங்கி, வெயிட் கொடுத்துக் காத்திருந்து, வேலை முடிந்த பிறகு அந்த வெளியீட்டைப் படித்து லாக்கில் எழுதுகிறேன். சிறிய கோப்புகள் ஒழுங்காக முடிகின்றன. மணிக்கணக்கில் நீளும் கோப்பு வந்தால் நிரல் அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, சிபியு பயன்பாடும் பூஜ்யம். அதே கட்டளையை டெர்மினலில் கொடுத்தால் தடையின்றி முடிகிறது.

முதல் பதில்:
எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசைப்பலகை உள்ளீட்டையும் கவனிக்கும் என்பதால், பின்னணியில் ஓடவிட்டால் அதனாலேயே நின்றுபோவது உண்டு. நோஸ்டிடின் விருப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

கேட்டவர்:
சேர்த்துவிட்டேன். மாற்றமில்லை.

இரண்டாம் பதில்:
சிபியு பூஜ்யம் என்பதே நல்ல துப்பு. முடிவில்லாச் சுழற்சியில் சிக்கியிருந்தால் ஒரு கோராவது முழுமூச்சாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இது எதற்காகவோ காத்திருக்கிறது. நின்றுபோன நிரலை உடனே கில் செய்யாதீர்கள், ஏனெனில் தடயம் முழுவதும் அதனுள்தான் இருக்கிறது. பைத்தான், எஃப்எஃப்எம்பெக் இரண்டின் பிராசஸ் எண்ணையும் எடுத்து, சூடோவுடன் எஸ்டிரேஸை (ஓடும் நிரலின் சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி) இணைத்து, ஒவ்வொன்றும் எந்த சிஸ்டம் காலில், அதாவது இயங்குதளத்திடம் வைத்த எந்தக் கோரிக்கையில், நிற்கிறது என்று சொல்லுங்கள். எஃப்எஃப்எம்பெக் பல திரெட்களில் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) ஓடுவதால் அதற்கு மைனஸ் எஃப் விருப்பம் அவசியம்.

கேட்டவர்:
பைத்தான் வெயிட்4 என்பதில் நிற்கிறது. எஃப்எஃப்எம்பெக்கின் ஒரு திரெட் ரைட் என்பதில், ஃபைல் டிஸ்கிரிப்டர் 2 இல் (அதாவது ஸ்டாண்டர்ட் எரரில்) எழுத முயன்றபடி நிற்கிறது. மற்றவை ஃபியூடெக்ஸில், அதாவது வேறு திரெட்டுக்காகக் காத்திருக்கும் நிலையில், இருக்கின்றன.

இரண்டாம் பதிலளித்தவர்:
அப்படியானால் இது டெட்லாக், அதாவது இரண்டும் ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்கும் முடக்கம். லினக்ஸில் ஒரு பைப்பின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட். எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றத்தை அரை விநாடிக்கு ஒருமுறை ஸ்டாண்டர்ட் எரரில் எழுதும். ஒரு வரிக்கு 100 பைட் என்று கொண்டால், ஏறத்தாழ ஐந்தரை நிமிடத்தில் பைப் நிரம்பிவிடும். அதன்பின், யாராவது படித்து இடம் உண்டாக்கும்வரை எஃப்எஃப்எம்பெக்கின் ரைட் திரும்பாது. படிக்கவேண்டிய உங்கள் நிரலோ, எஃப்எஃப்எம்பெக் முடிந்தால்தான் படிப்பேன் என்று வெயிட்டில் அமர்ந்திருக்கிறது. டெர்மினல் வருவதை உடனுக்குடன் வாங்கிக்கொள்வதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை. பைத்தானின் ஆவணத்திலேயே வெயிட் பற்றிய பகுதியில் இந்த எச்சரிக்கை இருக்கிறது.

வெயிட்டுக்குப் பதிலாகக் கம்யூனிகேட்டை அழைத்தால், அது காத்திருக்கும்போதே பைப்பைப் படித்துக்கொண்டிருக்கும்.

கேட்டவர்:
கம்யூனிகேட் மொத்த வெளியீட்டையும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளுமே? இரவு முழுவதும் ஓடும் நிரலுக்கு அது சரிப்படுமா?

இரண்டாம் பதிலளித்தவர்:
ஒரு கோப்புக்குச் சில எம்பி வந்தாலே அதிகம், ஆகவே ஆபத்தில்லை. ஆனால் எப்படியும் லாக்கில்தான் எழுதப்போகிறீர்கள் என்பதால், ஸ்டாண்டர்ட் எரரை நேரடியாக ஒரு கோப்புக்கே திருப்பிவிடுவதைத்தான் நான் விரும்புவேன். பைப்பே இல்லாதபோது அது நிரம்பும் பேச்சுக்கும் இடமில்லை. நோஸ்டாட்ஸ் விருப்பத்தையும் சேர்த்தால் முன்னேற்ற வரிகள் லாக்கை அடைக்காது. பைப்பை நிறுத்தாமல் நோஸ்டாட்ஸை மட்டும் சேர்ப்பது தீர்வாகாது: பழுதான கோப்பு ஒன்று எச்சரிக்கைகளைக் கொட்டினால் மறுபடியும் இதே நிலைதான்.

கேட்டவர்:
கோப்புக்குத் திருப்பிவிட்டேன், நின்றுபோன அதே காணொளி இப்போது முழுமையாக மாறிவிட்டது. பாதுகாப்புக்காக வெயிட்டில் டைம்அவுட்டும் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பதிலளித்தவர்:
டைம்அவுட் ஆனால் பைத்தான் எக்செப்ஷன் மட்டுமே எழுப்பும், எஃப்எஃப்எம்பெக் தன்போக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த எக்செப்ஷனைப் பிடித்து, கில் கொடுத்து, மீண்டும் ஒருமுறை வெயிட்டை அழையுங்கள். இல்லையேல் அடுத்த கோப்பு தொடங்கும்போது பழையதும் சேர்ந்து ஓடும்.