வயிற்றழுத்தக் கசிவு: ஒரு முன்மொழிவு

வணக்கம். 'ஸ்ட்ரெஸ் இன்கான்டினன்ஸ்' (stress incontinence) என்ற சிறுநீர்க் கசிவு நோய்க்கும், அதைப் பார்க்கும் ஸ்கேனுக்கும் தமிழ்க் கலைச்சொற்கள் தேடும் நம் உரையாடலில் 'தகைவு', 'அடங்காமை' போன்ற சொற்கள் வந்தன. அதற்கு என் பதில் இது.

"மன அழுத்தத்தால் சிறுநீர் கசிகிறதா?" மருத்துவப் படிவம் ஒன்றில் இப்படி ஒரு கேள்வி அச்சாகியிருந்ததை நானே பார்த்தேன். அதை நிரப்பிய அம்மாள் "இல்லை" என்று குறித்துவிட்டு, "எனக்குக் கவலை ஒன்றும் இல்லை, தும்மினால்தான் துணி நனைந்துவிடுகிறது" என்றார். அவர் சொன்னதுதான் நோயின் இலக்கணம். படிவம் அதைக் கேட்கவே இல்லை. ஸ்ட்ரெஸ் என்ற சொல்லைக் கண்டதும் மொழிபெயர்த்தவரின் எண்ணம் மனத்துக்குப் போய்விட்டது.

இங்கே ஸ்ட்ரெஸ் என்பது உடல் தாங்கும் பாரம். இருமினாலும் சிரித்தாலும் பளு தூக்கினாலும் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென ஏறுகிறது. சிறுநீர்ப்பையின் கழுத்தைக் கீழிருந்து தாங்கும் திசுக்கள் தளர்ந்திருந்தாலோ, சிறுநீர் வெளியேறும் குழாயான புறவழியை மூடும் தசை வலுவிழந்திருந்தாலோ சிறுநீர் கசிந்துவிடுகிறது. நண்பர் முன்வைத்த 'தகைவு' இயற்பியலில் நிலைபெற்ற நல்ல சொல்தான். ஆனால் நோயாளி அதைக் கேட்டுத் தன் தும்மலை நினைத்துக்கொள்ள மாட்டார். ஆகவே 'வயிற்றழுத்தச் சிறுநீர்க்கசிவு' என்பது என் முன்மொழிவு. சுருக்கமாக, வயிற்றழுத்தக் கசிவு. ஜப்பானிய மருத்துவச் சொல்லும் வயிற்றழுத்தத்தையே சுட்டுகிறது. ஜெர்மானியர்களும் ஸ்ட்ரெஸ் என்பதை விட்டு, பாரம் என்று பொருள்படும் சொல்லுக்கு மாறியிருக்கிறார்கள்.

'அடங்காமை' வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதில் குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது. பல பெண்கள் வெட்கத்தால் மறைத்து வைக்கும் தொல்லைக்கு அந்தப் பெயரையும் சூட்டக் கூடாது.

அடுத்து, இந்தக் கசிவை ஆராயும் ஸ்கேன். மீயொலி (அல்ட்ராசவுண்ட்) என்பது பாடநூல்களிலேயே இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. வயிற்று ஸ்கேனுக்குரிய அதே வளைந்த புரோபை, அதாவது ஒலி அனுப்பிப் பெறும் கருவியை, வெளியே, பிறப்புறுப்பின் இதழ்களின் மேல் வைத்து, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைத்தளமான இடுப்புத்தளத்தைப் பார்ப்பதால் இதை 'இடுப்புத்தள மீயொலி' எனலாம். திரையில் சிறுநீர்ப்பை கருமையாகத் தெரியும். முன்புறம் இடுப்பெலும்புகள் சேரும் இணைப்பின் கீழ்விளிம்பிலிருந்து கழுத்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முதலில் அளக்கிறார்கள். முக்கச் சொன்னதும் கழுத்து கீழும் பின்னுமாகச் சரிகிறது. அந்த இரு நிலைகளின் வேறுபாடே 'பைக்கழுத்து இறக்கம்'. 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மிகை நகர்வு என்று கொள்பவர்கள் உண்டு. எல்லோரும் ஏற்ற எல்லை அளவு கிடையாது. புறவழியின் மேல்வாய் விரிந்து திறப்பதற்குப் 'புனல்விரிவு' என்று பெயரிடலாமா? வடிவம் அப்படியே புனல்தான். இது தெரிவதாலேயே நோய் உறுதி என்று ஆகிவிடாது. இருமும்போது கசிகிறதா என்று நேரில் பார்ப்பதும் வேண்டும்.

மேலே 'முக்க' என்று எழுதியதை வேண்டுமென்றேதான் எழுதினேன். மருத்துவ நூல்களில் இந்தச் செயலுக்கு வால்சால்வா என்ற இத்தாலிய உடற்கூற்றியலாளரின் பெயர் இருக்கிறது. மூக்கையும் வாயையும் மூடி, காதுக்குள் காற்றை அழுத்துவதுதான் அவர் விவரித்த முறை. நம் மொழிபெயர்ப்புகளில் அது 'மூச்சடக்கும் முறை' ஆகிவிட்டது. இது வெறும் சொல் சிக்கலன்று. மூச்சை அடக்கச் சொன்னால் பலர் இடுப்புத்தளத்தையும் சேர்த்து இறுக்கிக்கொள்வார்கள். கசிந்துவிடுமோ என்ற அச்சமும் அதையே செய்யவைக்கும். இறுகிய தசை கழுத்தை இறங்க விடாது. படத்தில் குறை தெரியாது, அளவு பொய்யாகும். "மலம் கழிக்க முக்குவது போல, கீழ்நோக்கி, ஆறு நொடியாவது முக்குங்கள். கசிந்தால் பரவாயில்லை" என்று சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் புரியும். பிரசவ அறையில் அன்றாடம் புழங்கும் சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கியது நாம் செய்த தவறு. 'முக்கல்' என்பதையே கலைச்சொல்லாகப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன்.

'கசிவு' என்றால் துளைப்புண்ணால் (ஃபிஸ்டுலா) ஓயாமல் ஒழுகுவதோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு 'ஒழுக்கு' பொருந்தும். 'வயிற்றழுத்த' என்ற அடைமொழியும் இரண்டையும் பிரித்துவிடுகிறது. அவசர உணர்வோடு வருவதை 'அவசரக் கசிவு' எனலாம். இரண்டும் சேர்ந்தே இருப்பவருக்குக் 'கலப்புக் கசிவு'.

புனல்விரிவுக்கு மாற்று இருந்தால் எழுதுங்கள். படிவத்தைத் திருத்தும் வேலை தொடங்கிவிட்டது, முதல் கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "இருமும்போதோ தும்மும்போதோ பளு தூக்கும்போதோ சிறுநீர் கசிகிறதா?"