விதைக்கிழங்கில் விரல் நீளத்துக்கு வெள்ளை முளை: அப்படியே நடலாமா?

கீரைப்பாத்தி:
வணக்கம். முதல் தடவையா உருளைக்கிழங்கு போடலாம்னு 2 கிலோ விதைக்கிழங்கு வாங்கி, அட்டைப்பெட்டியில போட்டு மூடி அலமாரிக்கு அடியில வச்சேன். 3 வாரம் கழிச்சு இன்னைக்குத் திறந்தா திக்குன்னு ஆயிடுச்சு. பாதிக் கிழங்குல வெள்ளை வெள்ளையா நீண்ட முளை, ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. ஒரு கிழங்கைத் தூக்கினதும் இரண்டு முளை பட்டுன்னு ஒடிஞ்சுபோச்சு. ஏழெட்டுக் கிழங்குல கண்ணே (முளை கிளம்புற சின்னக் குழி) திறக்கல. பாத்தி கொத்தி எரு போட்டுத் தயாரா இருக்கு. என்ன பண்றது?

ஈரமண்:
பதறாதீங்க. முதல்ல ஒவ்வொரு கிழங்கையும் அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருந்தா விதை நல்லா இருக்குன்னு அர்த்தம். கொழகொழன்னு இருந்தாலோ நாத்தம் அடிச்சாலோ உடனே எடுத்துடுங்க, பக்கத்துக் கிழங்குக்கும் அழுகல் பரவும்.

கோளாறு இருட்டுலதான். வெளிச்சம் கிடைக்கலன்னா முளை அதைத் தேடி நீண்டுக்கிட்டே போகும். வெளிச்சத்துல வளர்ற முளை கட்டை குட்டையா, பச்சையோ ஊதாவோ கலந்து, அடியில சின்னச் சின்ன முண்டோட வரும். அந்த முண்டுதான் பின்னாடி வேராகும். இந்த முளையை லேசாத் தட்டினாலும் ஒடியாது.

நீண்ட முளையை எல்லாம் கிள்ளிடுங்க. முட்டை அட்டையில, கண் நெருக்கமா இருக்கிற முனை மேலே வர்ற மாதிரி ஒவ்வொண்ணா நிறுத்துங்க. வெயில் நேரா விழாத, ஆனா பகல் முழுக்க வெளிச்சம் வர்ற, காத்தோட்டமான இடம் வேணும். 10 முதல் 15 டிகிரி குளிர்ச்சி இருந்தா ரொம்ப நல்லது. தண்ணி தெளிக்கவே வேண்டாம். முளை 2 செ.மீ. வந்ததும் நடலாம்.

கீரைப்பாத்தி:
கிள்ளினா திரும்ப வருமா அக்கா? ஒடிஞ்ச கிழங்கு வீணாப் போயிடுச்சோன்னு மனசு கேக்கல.

ஈரமண்:
வரும்மா. நுனிக்கண் முளை முந்திக்கிட்டு மத்த கண்களை அடக்கி வச்சிருக்கும். அது போனா பக்கத்துக் கண்களும் திறக்கும், ஒரு கிழங்குலேயே மூணு நாலு தண்டு கிடைக்கும். ஆனா ஒரு தடவையோட நிறுத்திக்கணும். கிள்ளக் கிள்ளக் கிழங்குல இருக்கிற சத்துதான் கரையும்.

மண்வெட்டி:
ஒண்ணு சேர்த்துக்கறேன். நூல் மாதிரி மெலிஞ்ச முளை வெளிச்சத்துல வச்சும் அப்படியே வந்தா அந்தக் கிழங்கை நடாதீங்க. வைரஸ் இருக்கலாம், பாத்தி முழுக்கப் பரவிடும். அதுல நான் இரக்கமே பார்க்க மாட்டேன்.

கண் திறக்காதது இன்னும் உறக்கத்துல இருக்கு. அறுவடையான கிழங்கு ரெண்டு மூணு மாசம் முளைக்காமத் தூங்குறது இயல்புதான். அதை மட்டும் ஒரு வாரம் கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்துல வச்சுப் பாருங்க.

பெரிய கிழங்கை நறுக்குறதா இருந்தா துண்டுக்கு ரெண்டு கண்ணாவது இருக்கணும். வெட்டின இடம் காஞ்சு தோல் மாதிரி ஆக ரெண்டு மூணு நாள் விடுங்க, ஈரத்தோட நட்டா அழுகிடும். கோழிமுட்டை அளவு இருக்கறதை முழுசாவே போடுங்க.

ஈரமண்:
முக்கியமானதை விட்டுட்டேன். வெளிச்சத்துல வச்ச கிழங்கு பச்சையாகும். விதைக்கு அது நல்லது, ஆனா சோலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கும். மிச்சமானா சமையலுக்கு எடுத்துடாதீங்க. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.

கீரைப்பாத்தி:
16 நாள் ஆச்சு. இன்னைக்குக் காலையில பார்த்தேன், கிள்ளின கிழங்குல எல்லாம் மூணு மூணா முளை! அடர்ந்த ஊதா, நுனியில மட்டும் துளி பச்சை. விரலால தடவினேன், சொரசொரன்னு இருக்கு, ஒடியல. தூங்கினதுல அஞ்சு முழிச்சிருச்சு. மெலிஞ்சது ரெண்டைத் தூக்கிப் போட்டேன். எவ்வளவு ஆழம் அண்ணா?

மண்வெட்டி:
10 முதல் 12 செ.மீ. ஆழம், செடிக்குச் செடி ஓர் அடி. முளை மேலே பார்க்கணும், மண்ணை மெதுவாத் தள்ளி மூடுங்க. செடி ஒரு சாண் வந்ததும் தண்டைச் சுத்தி மண்ணைக் குவிச்சு அணைக்க மறந்துடாதீங்க.