சிப்பிகளில் கையாலேயே துளையிடுவது எப்படி?

கேள்வி: ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற விடுமுறையில் நிலாவெளிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த வெற்றுச் சிப்பிகளையும் சிறு சங்குகளையும் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தேன். கடலையே பார்த்திராத எங்கள் பிள்ளைகளுக்காக அவற்றைக் கோத்து, வகுப்பறை வாசலில் தோரணமாகக் கட்ட விரும்புகிறேன். ஆணியை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத்தான் தட்டினேன். அப்படியும் பன்னிரண்டில் ஏழு உடைந்துவிட்டன. என்னிடம் துளையிடும் இயந்திரம் இல்லை. வினாகிரி விட்டால் துளை விழும் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

பதில் 1: தலவாக்கலை

வணக்கம் டீச்சர். சிப்பியை அடிக்கவே கூடாது, தேய்க்க வேண்டும். அதன் ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கச் சிப்பியைச் சுடுவதும் அதனால்தான். கல்லிலே எளிதாகத் தேய்ந்துவிடும் அந்த ஓடு, அடியை மட்டும் தாங்காது. அடி விழுந்த இடத்திலிருந்து விரிசல் ஓடிவிடும்.

லயத்து வீடுகளில் கவ்வாத்துக் கத்தி தீட்டும் கல் இருக்குமே, அதுவே போதும். கல்லை நன்றாக நனைத்துக்கொண்டு, இரண்டு ஓடுகளும் பொருந்தும் இடத்துக்கு மேலே கூனலாக எழுந்து நிற்கும் முனையைக் கல்லில் வைத்து, வட்டமாகத் தேயுங்கள். பால் போன்ற வெள்ளைக் குழம்பு வடியும். அதைக் கழுவிக் கழுவிப் பார்த்தால், முதலில் தட்டையான ஒரு வட்டமும், பிறகு அதன் நடுவில் ஊசிமுனை அளவு கருமையும் தெரியும். அதுதான் துளை. அதற்குப் பிறகு கையை அழுத்தாமல் நான்கைந்து சுற்றுத் தேய்த்தால் நூல் நுழையும். சிறு சங்குகளுக்கு, வாய்க்கு அருகில் புடைத்திருக்கும் பக்கத்தைத் தேய்த்தால், அந்தத் துளையில் நுழைத்த நூலை வாய் வழியாக வெளியே எடுத்துவிடலாம்.

கல்லைக் காய விடாதீர்கள். உலர்ந்த தூள் மூச்சுக்கு நல்லதல்ல. பிள்ளைகள் இருக்கும் அறையில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

பதில் 2: பண்டாரவளை

மேலே சொன்ன முறை கூனல் உயர்ந்த சிப்பிகளுக்கு மிகவும் பொருந்தும். தட்டையான விசிறிச் சிப்பிக்கு நான் கவராயத்தின் கூர்முனையைப் பயன்படுத்துகிறேன். பிசைந்த களிமண்ணில் சிப்பியைக் குழிந்த பக்கம் மேலே தெரியும்படி பதித்து, உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவராயத்தை இரு விரல்களுக்கு இடையில் உருட்டி உருட்டித் திருப்ப வேண்டும். பாதி ஆழம் இறங்கியதும் சிப்பியைப் புரட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: மெலிந்த இடம் ஒளிரும். அங்கே மறுபக்கத்திலிருந்து தொடங்கினால் விளிம்பு பெயராது. துளையைப் பெரிதாக்க மெல்லிய வட்ட அரம் நல்லது. விளிம்பிலிருந்து ஒரு நெல்மணி நீளமாவது உள்ளே தள்ளித் துளையிடுங்கள்.

வினாகிரி வேண்டாம். அந்த அமிலம் ஓட்டைக் கரைக்கும் என்பது உண்மைதான், நுரைப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் சொட்டு விட்ட இடத்தோடு நிற்காமல் சுற்றிலும் பரவி, சிப்பியின் மினுக்கத்தை அழித்துவிடும். அந்த மினுக்கத்துக்காகத்தானே பொறுக்கி வந்தீர்கள்?

பதில் 3: மஸ்கெலியா

உங்கள் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள் டீச்சர். சில சிப்பிகளில் கூனலுக்கு அருகே, வெளிப்பக்கம் அகன்று உள்ளே ஒடுங்கும் வட்டத் துளை ஏற்கனவே இருக்கும். சிப்பியைத் தின்னும் ஒருவகைக் கடல்நத்தை, அமிலத்தால் ஓட்டை இளக்கி, பற்கள் நிறைந்த நாக்கால் அராவிப் போட்ட துளை அது. அவற்றை அப்படியே கோக்கலாம். பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் கிடைக்கும். இன்னொன்று: அடுத்த முறை நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவுக்குப் போனால் அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள், அது 2003 முதல் தேசிய பூங்கா.

கேள்வி கேட்டவர்: ஹட்டன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பையில் நத்தைத் துளையுள்ள சிப்பிகள் நான்கு இருந்தன. பக்கத்து வீட்டு அண்ணனிடம் கல்லை வாங்கி நேற்று மாலை ஒன்பது சிப்பிகளைத் தேய்த்தேன்; ஒன்றும் உடையவில்லை. விசிறிச் சிப்பிகளுக்கு இன்று களிமண் எடுத்து வைத்திருக்கிறேன்.