கன்று போட்ட பசுவுக்குச் சீழ் நிற்கவில்லை, ஊசியும் கேட்கவில்லை

மட்டக்குளி கறவை:
வணக்கம். வீட்டில் சில கறவைகள் நிற்கின்றன, பால் அக்கம்பக்கத்துக்குத்தான். அதில் ஜேர்சிக் கலப்புப் பசு போன மாதம் கன்று போட்டது. மறுநாளாகியும் இளங்கொடி விழவில்லை என்று, மாடு பார்க்க வருகிறவர் கையை விட்டு இழுத்து எடுத்துவிட்டு உள்ளே மாத்திரையும் வைத்துவிட்டுப் போனார். நாலாம் நாள் காய்ச்சல், செம்மண் கரைத்த மாதிரித் தண்ணியாக ஊற்றியது, கொட்டிலுக்குள் நிற்க முடியாத நாற்றம். ஒக்ஸிடெட்ராசைக்கிளின் ஊசி போட்டோம், காய்ச்சல் விட்டது. ஆனால் ஐந்தாவது வாரமாகியும் படுத்து எழும்பினால் வாலடியில் வெள்ளையாகச் சீழ் வடிகிறது, வேட்கைக்கும் வரவில்லை. அதே ஊசியைக் கூட்டிப் போடுவதா, இல்லை பவர் கூடின செஃப்டியோபர் போடுவதா?

வத்தளை மாடு:
அண்ணா, ஜென்டமைசின் அன்டிபயோட்டிக்கைக் கரைத்து கருப்பைக்குள்ளே விட்டுக் கழுவிப் பாருங்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறார்கள்.

கால்நடை வைத்தியர், பேராதனை:
தம்பி, அது வேண்டாம். ஜென்டமைசின் கிருமிக்குள் போக ஒட்சிசன் வேண்டும், சீழ் நிறைந்த கருப்பைக்குள் அது கிட்டத்தட்ட இல்லை.

கேள்வி கேட்டவருக்கு: ஊசியைக் கூட்டவும் வேண்டாம், செஃப்டியோபருக்குத் தாவவும் வேண்டாம். கன்று போட்டதும் அனேகமாக எல்லா மாட்டின் கருப்பைக்குள்ளும் கிருமி போகும், பெரும்பாலானவை தாமே துப்புரவாக்கிவிடும். இளங்கொடியை இழுத்தால் உட்சுவர் கிழிந்து அந்த வேலை கெட்டுப்போகிறது. அப்புறம் ஈ.கோலை முதலில் புகுந்து சுவரைப் புண்ணாக்க, பின்னால் ட்ரூப்பெரெல்லா பயோஜீன்ஸ், ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமிகளும் சேர்ந்து குடியிருக்கும். இந்தச் சீழ் பெரும்பாலும் ட்ரூப்பெரெல்லாவின் வேலை. நீங்கள் போட்ட ஊசியின் குடும்பமான டெட்ராசைக்கிளினுக்கு மசியாத ஈ.கோலையும் ட்ரூப்பெரெல்லாவும் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன, அதனால் மருந்து கேட்காததில் ஆச்சரியமில்லை. இளங்கொடி நிற்கும்போது உள்ளே வைக்கும் டெட்ராசைக்கிளின் மாத்திரை, அது கழன்று விழ உதவும் நொதிகளையே தடுக்கிறது. காய்ச்சல் இல்லாவிட்டால் இளங்கொடி தானாக விழும்வரை விட்டுவிடுவதுதான் நல்லது, தொங்குவதை மட்டும் வெட்டலாம்.

39.5 பாகைக்கு மேல் காய்ச்சல், நாற்றம், தீன் எடுக்காமை என்று முதல் மூன்று கிழமைக்குள் வந்தால் உடம்புக்கு அன்டிபயோட்டிக் ஊசி அவசியம். இப்போது காய்ச்சல் இல்லை என்றால் அந்த ஊசி தேவையில்லை. செஃப்டியோபர் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், அந்தக் குடும்பத்தை உலக சுகாதார நிறுவனம் மனித வைத்தியத்துக்கு மிக முக்கியமானதாக வைத்திருக்கிறது. கொட்டிலில் அதற்கு மசியாத ஈ.கோலை வளர்ந்தால் அப்படி மசியாமல் நிற்க வைக்கும் மரபணு மற்றக் கிருமிகளுக்கும் கைமாறும், சாணி அள்ளுகிற உங்கள் கைக்கும் வரும்.

கொலன்னாவை அக்கா:
தம்பி, ஊசி போட்ட நாட்களில் பாலை என்ன செய்தீர்கள்? மருந்துப் போத்தலில் எத்தனை நாள் பால் கொடுக்கக்கூடாது என்று போட்டிருக்கும், அதுவரைக்கும் ஊற்றத்தான் வேண்டும், வயிறு எரிந்தாலும். போன வருசம் ஒரு வீட்டுப் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயவே இல்லை, மறுநாளும் பால் தண்ணியாகவே கிடந்தது. பிறகுதான் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. அந்தப் பாலைச் சின்னப்பிள்ளைகளும் குடித்திருக்கிறார்கள்.

மட்டக்குளி கறவை:
பால் கன்றுக்குத்தான் விட்டோம் அக்கா. டொக்டர், எந்த மருந்து கேட்கும் என்று எப்படிப் பார்ப்பது?

கால்நடை வைத்தியர், பேராதனை:
அந்தப் பாலை இனிக் கன்றுக்கும் விடாதீர்கள், அதன் குடலிலும் எதிர்ப்புள்ள கிருமி வளரும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் சொல்லுங்கள். வாலில் வடிவதை எடுத்தால் சாணிக் கிருமிதான் வளரும், அவர்கள் கருப்பைக்குள்ளிருந்தே மாதிரி எடுத்து கன்னொறுவை கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பலாம். சூலகத்தில் மஞ்சள் உடல் (முட்டை வெளியான இடத்தில் உருவாகி வேட்கையைத் தடுத்து வைக்கும் திசு) இருந்தால் அதைக் கரைக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற ஹோர்மோன் ஊசி ஒன்று போடுவார்கள், மாடு வேட்கைக்கு வந்து சீழும் வெளியேறும். இந்த ஊசி மருந்து நம் தோலில் பட்டாலே உடம்புக்குள் போகும். வீட்டில் கர்ப்பிணிகளோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் ஊசி, போத்தல் பக்கம் வரவிடாதீர்கள்.